ஒட்டுற மண்

வலியசாலை அக்ரகாரத்தில் சூடாமணி வீடு எது என்று கேட்டால், எந்தச் சூடாமணி என்று திருப்பிக் கேட்பார்கள். ஒட்டு மாமி என்று சொல்லிவிட்டால் போதும், கையைப் பிடித்துக் கொண்டுபோய் வாசலில் விட்டுவிடுவார்கள். போன உள்ளாட்சித் தேர்தலில் ஒரு கட்சிக்காரர் இந்தப் பேரைத் தப்பாகக் காதில் வாங்கிக்கொண்டார். தெரு ஓட்டெல்லாம் இந்த மாமி கையில்தான் இருக்கிறது போலும் என்று நினைத்து, கும்பிட்டுக்கொண்டே வந்து நின்றார். சூடாமணி அவரை உட்காரவைத்து, காப்பி கொடுத்து, பிளாஸ்டிக்கில் பசை ஏன் பிடிப்பதில்லை என்று ஆதியோடந்தமாக விளக்கி அனுப்பினாள். மனிதர் அப்புறம் அந்தத் தெருப்பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

சூடாமணிக்கு ஐம்பது வயது இருக்கும். வேதியியலில் எம்.எஸ்ஸி. படித்தவள். ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் பிளாஸ்மா இயந்திரத்தை வருஷக்கணக்காகக் கவனித்துக்கொண்டவள். "என்னோட இருந்ததைவிட அந்தப் பெட்டியோட இருந்ததுதான் ஜாஸ்தி" என்று கணவர் நாகேஸ்வரன் சொல்வார். தாற்காலிக வேலை, திட்டம் முடிந்தது, வேலையும் முடிந்தது. அழுதுகொண்டு மூலையில் உட்காருகிற ஆளா அவள்? பாப்பனங்கோட்டில் செயற்கைக் கால் செய்யும் பட்டறை ஒன்று இருப்பதைக் கேள்விப்பட்டு, அடுத்த வாரமே அங்கே போய் நின்றாள்.

பட்டறையின் சொந்தக்காரர் ஞானசிகாமணி. பாறசாலைப் பக்கத்துத் தமிழர். ஞாயிற்றுக்கிழமை சர்ச் சபையில் பாடகர் குழுவுக்கே எட்டாத உயரத்தில் பாடுகிறவர்.

"சார், நீங்க பண்ற காலெல்லாம் மழைக்காலத்துல அடி பிரிஞ்சு திரும்பி வரதோன்னோ? அது எதனாலன்னு எனக்குத் தெரியும். நான் செரியாக்கித் தரேன்" என்றாள் சூடாமணி.

வேலை கேட்டு வந்தவள் பேசுகிற பேச்சா இது! ஞானசிகாமணி சிரித்துவிட்டார். ஆனால் அவள் சொன்னது உண்மை. அவர் செய்யும் காலின் அடித்தகடு பாலிபுரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக். எடை கிடையாது, லேசில் உடையாது, தண்ணீரில் ஊறாது. தங்கமான சாமான்தான், ஒரே ஒரு குறையைத் தவிர: அதில் எதுவும் ஒட்டாது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சேம்பிலையில் விட்டமாதிரி முத்தாக நின்று, சாய்த்தால் உருண்டு ஓடிவிடும். தண்ணீரே படராத இடத்தில் பசை எப்படிப் படரும்? அதன் கீழேதான் ரப்பர் அடியை ஒட்டியாக வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பார்த்தார்கள். ஏதோ ஒரு மருந்தைத் தடவிப் பார்த்தார்கள். அந்த நெடியில் பட்டறையில் இருந்தவர்களுக்கெல்லாம் தலைவலி வந்ததுதான் மிச்சம்.

சூடாமணி பேசிப் பேசியே அவரை ஒரு பழைய பிளாஸ்மா இயந்திரம் வாங்க வைத்தாள். அதற்கென்று தனியறை கேட்டாள். கொடுத்தார். "தூசியாக்கும் இதுக்கு சத்ரு. செருப்போட ஒருத்தரும் உள்ள வரப்படாது" என்றாள். அதற்கும் தலையாட்டினார். பிறகு ஒருநாள், செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் பயபக்தியோடு நின்று, "மாமி, இதுக்குள்ள என்னதான் நடக்குது? எனக்கும் மனசிலாகுத மாதிரிச் சொல்லுங்க" என்று கேட்டார்.

இயந்திரம் என்றால் கதவில் கண்ணாடி வைத்த ஓர் இரும்புப் பெட்டி. சாமானை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தி, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, மிஞ்சியிருக்கும் துளிக் காற்றில் மின்சாரத்தைப் பாய்ச்சினால் உள்ளே ஊதாவாக ஒரு வெளிச்சம் பூக்கும். அதுதான் பிளாஸ்மா.

"எண்ணெய்க் கறை பிடிச்ச வாசல்ல கோலம் போட்டா மாவு நிக்குமோ சார்? நன்னா அலம்பித் தேய்ச்சு, ஈரம் காயறதுக்குள்ள போட்டாத்தானே பிடிக்கும்? அலம்பறது, தேய்க்கறது, ஈரமாக்கறது எல்லாத்தையும் இந்த வெளிச்சம் ஒரே நேரத்துல பண்ணிடறது. கண்ணுக்குத் தெரியாத அழுக்கையெல்லாம் ஆவியாக்கி வெளில தள்ளிடறது. மேல்தோலைக் கிள்ளிவிட்டு, பசை பிடிச்சுக்கறதுக்குக் கைகால் முளைக்க வைக்கறது. மேல்தோல் மட்டுந்தான். உள்ள இருக்கற பலம் அப்படியே இருக்கும். சூடில்லை, ஆசிடு இல்லை, நெடியில்லை."

"நெடியில்லைன்னா மதி, அது போதும்" என்றார் ஞானசிகாமணி.

அந்த இயந்திரத்தில் முதல் முதலாக வைக்க அவள் எடுத்தது பேச்சிமுத்துவின் காலை. பேச்சிமுத்து ஆரியசாலையில் மைதீன் முதலாளியின் அரிசி மண்டியில் மூட்டை சுமந்தவர். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். லாரி பின்னால் வந்து மோதியதில் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக் கால் பொருத்தியபின் முதலாளி அவரைத் தராசுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார். நிற்கிற வேலை. அதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. ஆனால் அந்தக் காலின் அடி அதற்குள் இரண்டு முறை பிரிந்து வந்துவிட்டது. மூன்றாவதாகக் கொண்டுவந்து நீட்டியபோது சூடாமணி அவர் முகத்துக்கு நேரே சொன்னாள்: "இனி இது பிரிஞ்சா நான் என் பேரை மாத்திக்கறேன்."

அப்படி வாய் விட்டால் விதி சும்மா விடுமா?

வேலை என்னவோ சுத்தமாகத்தான் முடிந்தது. தகட்டை ஊதா வெளிச்சத்தில் வைத்து எடுத்து, பக்கத்தில் வைத்திருந்த அதே பிளாஸ்டிக்கின் துண்டு ஒன்றின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தாள். முத்தாக நிற்கவில்லை, பாயை விரித்தமாதிரிப் படர்ந்தது. பேச்சிமுத்துவிடம் காட்டினாள். அவர் வாயைப் பிளந்தார். மறுநாள் ஒட்டிப் பொருத்தினாள். அவர் டக்டக்கென்று நடந்து போனார். மீன மாதமும் மேட மாதமும் கடந்து, வைகாசி நடுவில் வரும் இடவப்பாதி மழையும் தொடங்கியது. கால் பிரியவில்லை. நன்றி சொல்லத் தேங்காய் உடைக்கிறேன் என்று பேச்சிமுத்து பழவங்காடிப் பிள்ளையாரிடம் போனார்.

அன்று நல்ல மழை. தேங்காயைத் தலைக்குமேல் தூக்கி, காலை ஊன்றி வீசினார் பாருங்கள், அந்த ஊன்றலில் ரப்பர் அடி குதிகாலிலிருந்து முதலை மாதிரி வாயைப் பிளந்தது. தேங்காய் ஒரு பக்கம் போயிற்று, பேச்சிமுத்து ஒரு பக்கம் விழுந்தார். நாலைந்து பேர் ஓடிவந்து தூக்கினார்கள். தூக்கின ஒருத்தர் "பாவம்" என்றார். விழுந்த வலியைவிட அந்த ஒரு வார்த்தைதான் அவருக்கு வலித்தது.

இரண்டு நாள் கழித்துக் கக்கத்தில் கம்பை ஊன்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். தோளில் ஒரு அரிசிச் சாக்கு, சாக்குக்குள் கால். மேசைமேல் வைத்தார்.

"மாமி, ஒங்க மேல குத்தம் சொல்ல வரல. எண்ணெயத் தடவிக்கிட்டு மண்ணுல பொரண்டாலும் ஒட்டுற மண்ணுதான் ஒட்டும்பாங்க. எனக்கு இந்தக் காலு ஒட்டல. அவ்வளவுதான். மதி. இனிமே நான் காலே போடல. மொதலாளி ஒரு நாற்காலி போட்டுத் தாரேங்காரு. மூலையில கெடந்துட்டுப் போறேன்."

சூடாமணிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஐம்பத்தைந்து வயது மனிதர், கை தோளெல்லாம் இரும்பாக இருக்கிறவர், ஒரு விரற்கடைப் பசைக்காக மூலைக்குப் போகிறேன் என்கிறார். போகட்டும் என்று விடுவதற்கு அவளுக்கு மனசே வரவில்லை.

"சாக்கை இங்கேயே வெச்சுட்டுப் போங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

பேச்சிமுத்து போனபின் ஞானசிகாமணி மெல்ல ஆரம்பித்தார். "மாமி, புதுப் பேரு ஏதாவது பாத்து வச்சாச்சா?"

"சார், வேண்டாம்."

"செரி, கோவப்படாதீங்க. நாம பழையபடி ஸ்க்ரூ அடிச்சிருவோம். இந்த வெளிச்சமெல்லாம் நமக்கு வேண்டாம்."

"ஸ்க்ரூ அடிச்சா அந்தத் துளைலேர்ந்தே விண்டு போகும். மிஷின்மேல பழி போடாதேங்கோ. தப்பு எங்கேயோ நடுவுல நடந்திருக்கு."

அவள் புதுத் தகடு ஒன்றை எடுத்து இயந்திரத்தில் வைத்து, எடுத்த உடனே பசை தடவி, ரப்பரை ஒட்டிக் காயவிட்டாள். மறுநாள் இருவருமாகப் பிடித்து இழுத்தார்கள். ரப்பர்தான் பிய்ந்து வந்தது, ஒட்டு அசையவில்லை. "பாத்தேளா!" என்றாள். அப்படியென்றால் பேச்சிமுத்துவின் கால் மட்டும் ஏன் பிரிந்தது?

சாக்கைப் பிரித்துக் காலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பசையெல்லாம் ரப்பர் பக்கமே தங்கியிருந்தது. பிளாஸ்டிக் பக்கம் துடைத்துவிட்டமாதிரி வெறுமை. குதிகால் பக்கம், முதலில் வாய் பிளந்த இடத்தில், காய்ந்த பசைக்குள் ஏதோ மஞ்சளாக ஒரு வட்டம் இருந்தது. நகத்தால் சுரண்டி மூக்கில் வைத்தாள். வைத்தவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

சந்தனம்.

முதல் தகடாயிற்றே! புதுச் சாமான் எதுவாக இருந்தாலும், பேனாவோ சைக்கிளோ வண்டிச் சாவியோ, பழவங்காடியில் கொண்டுபோய்ப் பிள்ளையார் நடையில் வைத்து எடுக்காமல் அவள் வீட்டில் ஒருவரும் உபயோகித்தது கிடையாது. இயந்திரத்திலிருந்து எடுத்த தகட்டையும் அவள் அப்படித்தான் சுத்தமான கவரில் போட்டுக் கொண்டுபோனாள். நடையில் வைத்தார்கள். அத்தனை விளக்கின் எண்ணெய்ப் புகையும் அதன்மேல் படிந்திருக்கும். போதாததற்குச் சந்தனப் பொட்டு வேறு. அதோடு விட்டாளா? ராத்திரி முழுக்க வீட்டுச் சாமி அலமாரியில் வைத்திருந்து மறுநாள் கொண்டுவந்தாள். வெளிச்சம் கொடுத்த கைகால்கள் நேரம் ஆக ஆகச் சுருங்கிப் போகும், எண்ணெய் பட்டால் போயே போய்விடும் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவள் அவள்! "எல்லாம் தெரிஞ்ச மண்டூகம்" என்று தன்னையே உரக்கத் திட்டிக்கொண்டாள்.

நடந்ததை ஞானசிகாமணியிடம் ஒளிக்காமல் சொன்னாள். அவர் சிரிப்பார் என்று பார்த்தாள், சிரிக்கவில்லை. காலை மறுபடி எடுத்து உற்றுப் பார்த்தாள்.

"குதிகால்ல இருக்கறது என் சந்தனம். ஆனா நடுவுல, பசைக்குள்ள, விரிஞ்ச கை மாதிரி இவ்வளவு பெரிசாத் தெரியறதே, இது யாரு?"

ஞானசிகாமணி இருமினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது வந்து மாமி... அன்னைக்குக் காலத்த நீங்க தகட்ட மேசையில வச்சிட்டுப் பசை எடுக்கப் போனீங்கல்லா? நல்ல காரியமாச்சே, ஒரு வார்த்த ஜெபம் பண்ணிருவோம்னு அது மேல கை வச்சேன்."

"எந்தக் கை?"

"வலது கைதான். தலையில எண்ண தேச்ச கை."

தேங்காய் எண்ணெய் தேய்க்காமல் திருவனந்தபுரத்தில் எவர் வீட்டைவிட்டு வெளியே வருகிறார்? சூடாமணி அவரைப் பார்த்தாள், அவர் சூடாமணியைப் பார்த்தார். அவ்வளவுதான், இருவரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். சிரித்துச் சிரித்து ஞானசிகாமணிக்குப் புரையேறிவிட்டது.

"ரெண்டு சாமியும் சேர்ந்து ஒரு மனுஷனத் தள்ளிவிட்டாச்சு!" என்றார்.

"சாமி ஒண்ணும் தள்ளலை. நாமதான் தள்ளினோம்" என்றாள் சூடாமணி. சிரிப்பு நின்றுவிட்டது. "சார், இனி இந்த அறைல ஒரே சட்டம். வெளிச்சத்துலேர்ந்து எடுத்த சாமான் மடி. கையுறை இல்லாம யாரும் தொடப்படாது. நானும் தொடமாட்டேன். உடனே ஒட்டணும். ஒட்டினப்புறம் சாமியோ ஜெபமோ எது வேணும்னாலும் ஆகட்டும்."

ஞானசிகாமணியின் முகம் சற்று மாறியது. "மாமி, சட்டம் செரிதான். ஆனா மடிங்குத அந்த வார்த்த வேண்டாம். எங்க பாட்டனையெல்லாம் தெருவுக்கு வெளிய நிக்க வச்ச வார்த்தையாக்கும் அது."

சூடாமணி அதை எதிர்பார்க்கவில்லை. குளித்து ஈரத்துணியோடு மடி, தொடாதே, எட்டி நில் என்று வளர்ந்த வீட்டில், அந்த வார்த்தைக்கு வெளியே நின்றவர் யார் என்று அவள் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. முகம் சுட்டது.

"நீங்க சொல்றது வாஸ்தவம் சார். மனுஷாகிட்ட அது இருந்திருக்கவே படாது. பிளாஸ்டிக்குக்கு மட்டும் வெச்சுக்கலாமோ? அதுக்கு மனசு நோகாது."

ஞானசிகாமணி யோசித்துப் பார்த்தார். "பிளாஸ்டிக்குக்குன்னா செரி. அங்கயே கெடக்கட்டும்" என்றார். கதவில் அவரே கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினார்: மடி. தொடாதே.

காலை மறுபடி செய்து முடித்தாள். ஆனால் அதைப் போட்டுக்கொள்ளப் பேச்சிமுத்து வரவேண்டுமே! ஆள் அனுப்பினால் வரவில்லை. போன் பண்ணினால் எடுக்கவில்லை. சரி, மலை வராவிட்டால் நாம் போவோம் என்று சூடாமணி ஆட்டோவில் ஏறி ஆரியசாலைக்கே போய்விட்டாள். அரிசி லாரிகள் நிற்கிற சந்தில், மூட்டைகளுக்கு நடுவே பட்டுக்கரைச் சேலையும் பெரிய பையுமாக ஒரு மாமி வந்து இறங்கினால் கூட்டம் கூடாமல் இருக்குமா? பேச்சிமுத்து மண்டியின் மூலையில் நாற்காலியில் இருந்தார். அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சூடாமணி பைக்குள்ளிருந்து ரப்பர் ஒட்டிய தகடு ஒன்றை எடுத்து, மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் நடுவில் நீட்டினாள்.

"உங்கள்ல நல்ல பலசாலி யாரு? இதைப் பிரிச்சுக் காட்டுங்கோ பார்க்கலாம்."

சும்மா இருப்பார்களா? ஒருத்தர் இழுத்தார். இருவர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். சாக்குக் கொக்கியைப் போட்டே இழுத்தார்கள். ரப்பர் நாராகக் கிழிந்தது. ஒட்டின இடம் ஒட்டினபடியே இருந்தது. கல்லாவிலிருந்து மைதீன் முதலாளியே எழுந்து வந்து விரலால் தடவிப் பார்த்து, "கொள்ளாமே!" என்று மெச்சினார். எல்லாரும் பேச்சிமுத்துவைப் பார்த்தார்கள்.

"அது கிழிக்கறதுக்குக் கொண்டுவந்தது. இது நீங்க போட்டுக்கறதுக்கு" என்று அவர் காலை எடுத்து அவர் மடியில் வைத்தாள் சூடாமணி. "போன தடவை தப்பு மிஷின்மேல இல்லை, உங்க தலையெழுத்துமேலயும் இல்லை. ஒட்டறதுக்கு முன்னாடி நான் அதைக் கொண்டுபோய்ச் சந்தனம் வாங்கிண்டு வந்தேன். தப்பு என்னுது."

பேச்சிமுத்து காலைத் தொடவில்லை. "ஒட்டுற மண்ணுதான் மாமி..." என்று தொடங்கினார்.

"அந்தப் பழமொழியைத்தான் நானும் யோசிச்சுண்டே வந்தேன்" என்றாள் சூடாமணி. "எண்ணெயைத் தடவிண்டு புரளுவானேன்? துடைச்சுட்டுப் புரளுங்கோ, ஒட்டறதா இல்லையான்னு அப்புறம் பார்ப்போம்!"

மண்டியே சிரித்தது. பேச்சிமுத்துவுக்கும் உதட்டோரம் துடித்தது. காலைக் கையில் எடுத்தார். ஆனால் போட்டுக்கொள்ளவில்லை. "வச்சிட்டுப் போங்க மாமி" என்றார்.

அதற்கப்புறம் ஒரு தகவலும் இல்லை. மழை கொட்டிக்கொண்டிருந்தது. சூடாமணி வெளியே வீறாப்பாகத்தான் இருந்தாள். "பிரியாது, எனக்கென்ன பயம்?" என்று கேட்காதவர்களிடம்கூடச் சொன்னாள். வீட்டில் நாகேஸ்வரன் பருப்பில் உப்பில்லை என்றார். அடுத்த நாள் ரசத்தில் இரண்டு தடவை உப்பு இருந்தது. பேச்சிமுத்து காலைப் போட்டுக்கொண்டாரா, இல்லை மூலையில்தான் இருக்கிறாரா? அவளுக்குத் தெரியவேண்டியது அது ஒன்றுதான். போய்ப் பார்க்கவும் தைரியம் வரவில்லை.

ஆடிக்குச் சரியான கர்க்கடக மாதத்தில் ஒரு காலை, மழை வெறித்த நேரம். சூடாமணி இயந்திர அறைத் தரையை அப்போதுதான் பளிங்காகத் துடைத்து முடித்திருந்தாள். முற்றத்துச் சரளைக்கல்லில் யாரோ நடந்து வருகிற சத்தம். ஒரு கால் ஒரு மாதிரி, மறு கால் வேறு மாதிரி. கம்பு ஊன்றுகிற சத்தம் மட்டும் இல்லை. ஞானசிகாமணி பாட்டை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

பேச்சிமுத்து வந்துகொண்டிருந்தார். கையில் ஒரு மூடித் தேங்காய்.

"மழையில தராசடியில நின்னேன் மாமி, ஒரு நாளு விடாம. இன்னைக்குக் காலத்த பழவங்காடியில அதே எடத்துல நின்னு ஒடச்சிட்டு வாரேன். செதறுனது போக இது ஒங்களுக்கு."

அறை வாசல்வரை வந்தவர், பழக்கத்தில் நல்ல காலின் செருப்பைக் கழற்றினார். பிறகு குனிந்து மற்றக் காலைப் பார்த்தார். ஆரியசாலைச் சேறும் பழவங்காடித் தெருமண்ணும் குதிகால்வரை அப்பிக் கிடந்தன. காலைத் தூக்கி அவளுக்குக் காட்டினார். ரப்பருக்கும் தகட்டுக்கும் நடுவே நகம் நுழைய இடமில்லை.

"பாருங்க மாமி, மண்ணு ஒட்டிருக்கு" என்றார். "ஒங்க அறை அழுக்காயிரும். கழட்டிட்டு வரட்டா?"

"கழட்டினேளோ, கொன்னுடுவேன்!" என்றாள் சூடாமணி. அவள் அழுதுகொண்டிருந்தாள், அதை மறைக்கவும் இல்லை. கதவை அகலத் திறந்துவிட்டாள். "அப்படியே உள்ள வாங்கோ."